மேடு ஏறாது

குன்னூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது
பெட்ரோலில் ஓடும் பச்சை கோல்ஃப் வண்டி.
முன்தகட்டில் ஏதோ எஸ்டேட்டின் பெயர், பாதி உரிந்து.
ஸ்டியரிங்கில் நூலால் கட்டிய அட்டையில்
யாரோ இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்:
மேடு ஏறாது.

ஆலந்தூரில் எங்கள் ஷெட் வாசலில்
தெரு தோசைக்கல் மாதிரி கிடக்கிறது.
எடுத்தேன். மெட்ரோ தூண்வரை போய்த் திரும்பினேன்.
ஒரு குறையும் இல்லை.
டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகும் பல்வலிபோல
நல்ல பிள்ளையாக நின்றது.

சென்னையில் மேடு என்றால் பாலம்.
நம்பர் பிளேட் இல்லாததைக் கத்திப்பாராவில் ஏற்றினால்
இறக்குவது போலீஸ்காரர்.

அதனால் ஊகத்தில் தொடங்கினேன்.
பிளக்கின் நுனி கருத்திருந்தது, மாற்றினேன்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
தேயிலைத் தூளா செம்மண்ணா, ஒரு கைப்பிடி கொட்டியது.
கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினேன்;
ராத்திரிச் சோற்றிலும் பெட்ரோல் ருசி.
சைலன்சர் வாயில் ஒரு குளவிக்கூடு.
ஆகா, அகப்பட்டான் என்று நினைத்தேன்.
கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். விரற்கடை அளவுதான்.
பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன்,
பிரேக் எங்கும் பிடிக்கவில்லை.
கிளோரி மிதிக்க மிதிக்க
ஆக்சிலேட்டர் கேபிள் கடைசிவரை இழுத்தது.

மூன்றாம் நாள் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.
"பாஸ், இன்னும் எத்தனை உறுப்பைக் கழட்டுவீங்க?
அதை மேட்டுல கூட்டிப்போய்க் கேளுங்க."

பரங்கிமலை. விடியற்காலை ஐந்தரை.
நான், கிளோரி, வெல்டிங் கடை இப்ராம்ஷா,
பிறகு, பாரத்துக்காகவே அழைத்த
டீக்கடை மாசிலாமணி. தொண்ணூற்றெட்டு கிலோ.
"சும்மா உக்காந்திருந்தாப் போதுமா?"
"போதும். அதுதான் வேலை."

முதல் வளைவு ஏறிற்று.
இரண்டாவதில் எஞ்சின் கத்தியது.

கவனியுங்கள், கத்தியது.
திணறவில்லை, செருமவில்லை, அணையப் பார்க்கவில்லை.
சுருதி மேலே மேலே போக
சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே
யோசித்துக்கொண்டிருந்தது.
ஸ்வெட்டரும் ஷூவுமாக நடக்க வந்த ஓர் அம்மாள்
எங்களைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பாராமல்.
அப்புறம் அந்த வாசனை.
ரப்பர் கருகுகிற வாசனை.

எஞ்சின் பாவம்.
மூன்று நாளாக அதன் வாயையும் மூக்கையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
அது கொடுத்ததையெல்லாம்
நடுவில் ஒருவன் வாங்கி வழியில் விட்டிருக்கிறான்.

சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
பெல்ட்டின் இரண்டு ஓரமும் கண்ணாடிபோல் மின்னின.
வெர்னியரில் வைத்தால்
முப்பது இருக்கவேண்டிய அகலம் இருபத்தாறு.
சமதரையில் பிடித்த மாதிரியே சுற்றும்,
பாரம் ஏறினால் நழுவும்.
"அப்படியே என் பார்ட்னர்" என்றார் மாசிலாமணி,
யாரும் கேட்காமலே.

இறங்க எஞ்சின் தேவைப்படவில்லை.

ஜி.பி. ரோட்டில் பதினோரு கடை.
பன்னிரண்டாவதில், மாடிப்படிக்கு அடியில்,
அட்டைப்பெட்டி கரையான் அரித்திருந்தாலும்
உள்ளே பெல்ட் புதிதாக இருந்தது.

வியாழக்கிழமை அதே நாலு பேர், அதே வளைவு.
கத்தல் இல்லை. ஒரு கனமான முனகல்,
மூட்டை தூக்குகிறவர் தோளை மாற்றிக்கொள்வதுபோல.
அவ்வளவுதான், ஏறிவிட்டது.
உச்சியில் நிறுத்தினோம்.
ஓடுபாதை விளக்குகள் இன்னும் அணையவில்லை.
ஒரு விமானம் இறங்கியது.
கிளோரி சிலுவை போட்டுக்கொண்டாள்,
விமானத்துக்கா வண்டிக்கா தெரியாது.
இப்ராம்ஷா தூங்கிப்போயிருந்தார்.

பில் எழுதும்போது பேனா நின்றது.
பெல்ட், கூலி, சரி.
பிளக்? மாற்றியிருக்க வேண்டாம். அடித்தேன்.
கார்புரேட்டரையும் அடித்தேன்.
குளவிக்கூட்டுக்கு மட்டும் நாற்பது ரூபாய் போட்டேன்,
அது கொஞ்சம் எரிச்சலில்.

அட்டையைத் திருப்பிக் கிளோரி எழுதினாள்:
பரங்கிமலையில் சோதித்தது. ஆள் நாலு.
தம் தொண்ணூற்றெட்டு கிலோவையும்
தனியாக எழுதச் சொல்லி
டீ ஆற ஆற நின்றார் மாசிலாமணி.